டியூசன் தாளில் இசட் புள்ளியா?

கரம்பொன், ஊர்காவற்றுறைப் பெற்றாரே, உயர்தர மாதிரித் தாளில் "இசட் 1.8" என்று அடித்துத் தருகிறார்களே, அது எங்கிருந்து வந்தது?

2001 முதல் பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட், அந்தப் பாடத்துக்கு நாடு முழுக்கத் தோற்றியவர்களின் சராசரியிலும் நியம விலகலிலும் இருந்து வருவது. சராசரி 50, விலகல் 15 என்றால் 65 புள்ளிக்கு இசட் 1. சராசரி 60, விலகல் 10 என்றால் அதே 65க்கு 0.5 தான்! நாற்பது பிள்ளைகளை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த நாற்பதுக்குள் யார் முன்னுக்கு என்றுதான் தெரியும். அதைப் போன வருட மாவட்ட வெட்டுப்புள்ளியோடு ஒப்பிட்டு "மருத்துவம் உறுதி" என்பது ஏமாற்று. "உனக்குச் சரிவராது, பிரிவை மாற்று" என்பது அதைவிட அநியாயம். இசட்டை விடுங்கள். எந்த அலகில் புள்ளி போனது என்று கேளுங்கள்.