தளம் போடும் ராத்திரி... சீட்டைப் பார்த்தீங்களா?

அசோக் நகரில் பழைய தனி வீடுகளை இடித்து அப்பார்ட்மென்ட் கட்டுகிறார்கள். மணல், ஜல்லி கொட்ட இடமேது? ரெடிமிக்ஸ்தான். பகலில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு இருப்பதால், தளம் போடுவது பெரும்பாலும் ராத்திரியில். பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் பாவம்!

கலவை ஏற்றிய 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும் என்பது ஐ.எஸ். 4926 விதி. இறுகுவதைத் தாமதப்படுத்தும் ரசாயனம் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் உண்டு. புறநகர் பிளான்ட்டிலிருந்து வந்து, தெருவில் நிறுத்திய கார்களுக்கு நடுவே லாரி நுழைவதற்குள் கலவை கெட்டிப்பட்டால், 'ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துப்பா' என்று குரல் கேட்கும். ஊற்றினால் பம்ப்பில் சுலபமாக ஏறும். தளத்தின் பலம் குறைந்துவிடும்.

டெலிவரி சீட்டில் கலவை ஏற்றிய நேரம் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். கலவையைத் தளர்த்தத் தண்ணீர் வேண்டாம். அதற்கான ரசாயனத்தை ரெடிமிக்ஸ் நிறுவன ஆளே அளந்து சேர்க்கட்டும்.