கட்டாத மூட்டையோடு கார் கிளம்பக் கூடாது

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சுமை என்று சொன்னால் லாரிதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். சுண்ணாம்புக்கல் டிப்பர்களும் சிமெண்ட் லாரிகளும் ஓயாமல் ஓடுகிற சாலைகள் இவை. தார்ப்பாய் போடாமல் ஓட்டாதே, பள்ளிக்கூட நேரத்தில் ஓட்டாதே, அளவுக்கு மேல் ஏற்றாதே என்று இந்த மண்ணின் மக்கள் ஆண்டுக்கணக்காக மனுக் கொடுத்திருக்கிறார்கள்; மறியல் செய்திருக்கிறார்கள். அத்தனையும் நியாயமான கோரிக்கைகள். அந்த நியாயத்தை நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் பொருத்த வேண்டும் என்பதே நம் நிலைப்பாடு. காருக்குள் ஏறும் சுமையைக் கட்டுவது ஓட்டுநரின் கடமையாக வேண்டும். அதைக் கற்றுக்கொடுப்பதும் கண்காணிப்பதும் அரசின் வேலையாக வேண்டும்.

பத்து பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னால் இந்தப் பேச்சுக்கே அவசியம் இருந்திருக்காது. கார் என்பது அன்று சிலர் வீட்டுப் பொருள். இன்று செட்டிகுளத்துச் சின்ன வெங்காய விவசாயியிடமும் ஆண்டிமடத்து முந்திரிக்காரரிடமும் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஒரு கார் நிற்கிறது. திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு நாலு மூட்டை வெங்காயம் போக வேண்டுமென்றால் பின் சீட்டை மடக்கிவிட்டு ஏற்றிவிடுகிறார்கள். வீடு கட்டுபவர் 50 கிலோ சிமெண்ட் மூட்டையில் நாலைந்தை டிக்கியில் போட்டுக்கொண்டு வருகிறார். கல்யாண வீடென்றால் அண்டாவும் குத்துவிளக்கும் கிரைண்டரும் காரிலேயே சீராகப் போகின்றன. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. உழைத்து வாங்கிய வண்டி உழைப்புக்குப் பயன்படத்தான் செய்யும். ஏற்றுகிற முறையில்தான் உயிர் போகிறது.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில் நடை வாரத்தில் திங்களும் வெள்ளியும் திறக்கும். அந்த நாட்களில் நெடுஞ்சாலையிலிருந்து கோவிலுக்குத் திரும்பும் கார்களின் டிக்கியைக் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஏழு பேர் அமரும் வண்டியில் ஒன்பது பேர். கடைசி சீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் இடம். அங்கே படுக்கவைத்த சமையல் எரிவாயு சிலிண்டர், அதன்மேல் கவிழ்த்த அண்டா, அண்டாவுக்குள் கரண்டியும் கத்தியும் அரிவாள்மனையும், பக்கத்தில் அரிசிப் பை. எதுவும் எதோடும் கட்டப்பட்டிருக்காது. அந்தக் கடைசி சீட்டில் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் குழந்தைகள். அவர்கள் பின்மண்டைக்கும் அண்டா விளிம்புக்கும் நடுவே ஒரு தலையணை உயரம்கூட இருக்காது.

திருச்சி-சென்னை நான்குவழிச் சாலையில் இந்த வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அது எதன்மீதாவது மோதி நின்றால் கார்தான் நிற்கும். உள்ளே இருக்கும் கட்டாத பொருள் நிற்காது. அதே 80 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் பாயும். சுமார் 25 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும் வேகம் அது. கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தின் ஏறக்குறைய பாதி உயரத்திலிருந்து, எரிவாயு நிரம்பிய 30 கிலோ சிலிண்டரை ஒரு குழந்தையின் தலைக்கு நேராகப் போடுவதும், கட்டாத சிலிண்டரோடு மோதுவதும் ஒன்றுதான்.

விபத்தே நடக்காவிட்டாலும் பளு தன் வேலையைக் காட்டும். பின்சக்கரத்துக்குப் பின்னால் 200 கிலோ சிமெண்ட் ஏறினால் காரின் மூக்கு நிமிரும். முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகும், வளைவில் வண்டி சொன்ன பேச்சைக் கேட்காது. முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணுக்கு நேராக ஏறும். பல கார்களில் விளக்கைத் தாழ்த்த ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சின்னத் திருகு இருக்கிறது. அது எதற்கென்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டயர் பக்கவாட்டில் அளவுக்குப் பின்னால் 82 என்று போட்டிருந்தால் அந்த ஒரு டயர் தாங்கக்கூடியது 475 கிலோ என்று பொருள். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் படிக்காமல், வழக்கமான காற்றோடு, கத்திரி வெயிலில், இரட்டைச் சுமையோடு ஓடும் டயர் வெடித்தால் அதை விதி என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

சிறிய காரின் காலி எடைக்கும் அனுமதித்த மொத்த எடைக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் 400 முதல் 500 கிலோவுக்குள் அடங்கிவிடும். ஐந்து பெரியவர்கள் ஏறினால் அதில் 325 கிலோ போய்விட்டது. மிச்சம்தான் டிக்கிக்கு. மேலே கேரியர் வைத்துக் கட்டினால் கணக்கு இன்னும் சுருங்கும். கூரை தாங்கும் அளவு காருக்குக் கார் மாறும். பல சிறிய கார்களில் அது 50 கிலோவுக்கும் 75 கிலோவுக்கும் நடுவில்தான், அதுவும் கேரியரின் எடையையும் சேர்த்து. சில மாடல்களில் கூரைமேல் தெரியும் கம்பிகள் வெறும் அழகுக்காக வைத்தவை. அவற்றில் எதையும் கட்டக் கூடாது என்று கையேடே சொல்கிறது. சிஎன்ஜி வந்த பிறகு வாடகைக் கார்களில் டிக்கியின் பாதியை டேங்க் எடுத்துக்கொள்கிறது. அதனால் பெட்டி படுக்கை கூரைக்கு ஏறுகிறது, அல்லது மடிக்கு வருகிறது. வண்டியை விற்றவரும் இதைச் சொல்வதில்லை, வாடகைக்கு எடுப்பவரும் கேட்பதில்லை.

எரிவாயு சிலிண்டரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2025 நவம்பரில் வாரணவாசி வளைவில் சிலிண்டர் ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து தீப்பிடித்து, சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடித்ததை அரியலூர் மறந்திருக்காது. அதற்கென்றே வடிவமைத்து, அனுமதி பெற்ற வண்டிக்கே அந்தக் கதி. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையம் அருகே நிறுத்தப்பட்டிருந்த சுற்றுலாப் பயணிகள் பெட்டி தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தார்கள். சமைப்பதற்காக விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். ரயிலில் இப்படிக் கொண்டுபோனால் ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு. அதே குடும்பம் அதே சிலிண்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு குலதெய்வக் கோவிலுக்குப் போனால் வழியில் ஒருவரும் நிறுத்திக் கேட்பதில்லை. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் டிக்கியின் அடியிலும் சீட்டுக்குக் கீழேயும் தேங்கும். ஏசிக்காகக் கண்ணாடி ஏற்றிய காரில் அது வெளியே போக வழியே இல்லை. படுக்கவைத்த சிலிண்டரில் வால்வுப் பக்கம் திரவம் வந்து நிற்கும் என்பதால் கசிவு நேர்ந்தால் பல மடங்கு வேகமாக வரும். வெளியே 40 டிகிரி அடிக்கும்போது, வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 60 டிகிரியை நெருங்கும். கோவில் வாசலில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் அப்படித்தான் நிற்கின்றன.

பட்டாசும் அப்படித்தான். 2023 அக்டோபர் 9 அன்று விரகாலூர் பட்டாசு ஆலை வெடித்துப் பல உயிர்கள் போன மாவட்டம் அரியலூர். 2021 நவம்பர் 4, தீபாவளி நாளில் புதுச்சேரி எல்லையில் கோட்டக்குப்பத்தில் ஸ்கூட்டரில் நாட்டு வெடிகளை வைத்துக்கொண்டு போன ஒரு தந்தையும் அவருடைய சின்ன மகனும் சாலையிலேயே சிதறிப் போனார்கள். பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பட்டாசுப் பெட்டிகளைக் குழந்தைகளின் காலடியில் அடுக்கிக்கொண்டு வரும் கார்களைப் பார்க்கும்போது அந்த நினைவு வராமல் இருக்க முடியவில்லை.

கட்டாத சுமையைப் பற்றிப் பேசும்போது கட்டாத மனிதர்களையும் சேர்த்துத்தான் பேச வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் நடந்த விபத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தார். விலையுயர்ந்த கார், ஆனால் பின் சீட்டில் பெல்ட் அணியவில்லை. அந்த ஆண்டு மட்டும் நாடு முழுவதும் சீட் பெல்ட் அணியாமல் இறந்தவர்கள் 16,715 பேர். அவர்களில் 8,331 பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் சென்ற பயணிகள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 138-வது விதி பின் சீட்டுக்கும் பெல்ட்டைக் கட்டாயமாக்கி வைத்திருக்கிறது. மூட்டைக்கு அப்படி ஒரு தெளிவான வரி எங்கே? வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவு 20,000 ரூபாய் அபராதம் வைத்திருக்கிறது. உள்ளே உருளும் சுமையைப் பற்றி நம் சாலைகளில் யாரும் வாய் திறப்பதில்லை. ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதித்தொகுப்பு 22-வது பிரிவில் இதை நேராகச் சொல்லிவிடுகிறது: முழு பிரேக் அடித்தாலும், திடீரென்று ஒதுக்கி ஓட்டினாலும் சுமை நகரவோ விழவோ உருளவோ கூடாது, அப்படித்தான் ஏற்றியிருக்க வேண்டும். லாரிக்கும் காருக்கும் ஒரே விதி. நமக்கும் இதே போல ஒரு வரி போதும். அதை மத்திய அரசு எழுத வேண்டும்.

கார் நிறுவனங்களும் இதில் பொறுப்பேற்க வேண்டும். ஐ.நா.வின் 17-ம் எண் வாகன விதி ஒரு சோதனை வைத்திருக்கிறது. பின் சீட்டுக்குப் பின்னால் 18 கிலோ எடையுள்ள இரண்டு கட்டைகளை வைத்து, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேக மோதலுக்கு ஈடான அதிர்ச்சி கொடுத்து, சீட் தாங்குகிறதா என்று பார்க்கிறார்கள். 18 கிலோ என்பது பயணப் பெட்டியின் எடை. நம் ஊர் டிக்கியில் ஏறுவது அதைவிட மூன்று பங்கு கனமான மூட்டை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் நட்சத்திர மதிப்பீடு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரை மோதவிட்டுப் பெரியவர், குழந்தை இருவரின் பாதுகாப்பையும் அளக்கிறது. நல்ல தொடக்கம்தான். டிக்கியில் சுமையை வைத்து மோதினால் பின் சீட் என்ன ஆகிறது என்பதையும் அந்த மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். டிக்கித் தரையில் நாலு மூலையிலும் கட்டுவதற்கு உறுதியான கொக்கி, விலை குறைந்த வகையிலும், இருக்க வேண்டும். எத்தனை கிலோ ஏற்றலாம் என்பது தமிழில் டிக்கிக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்க வேண்டும். பூசை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிச் சாவி கொடுக்கும் ஷோரூமில், டிக்கியைத் திறந்து ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுப்பதால் யாருக்கும் நேரம் வீணாகாது.

எளிய விவசாயி இதற்கெல்லாம் எங்கே போவார் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு மூட்டை வெங்காயத்துக்குக் குட்டியானை பிடித்தால் லாபம் வாடகையிலேயே போய்விடும். எனவேதான் தடை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. முறை வேண்டும் என்கிறோம். இரண்டு மூட்டையைத் தாராளமாக ஏற்றலாம். பின் சீட்டின் முதுகோடு ஒட்டி, தரையோடு கிடத்தி, சீட்டின் உயரத்தைத் தாண்டாமல், நீளாத பட்டையால் இறுக்கிக் கட்டினால் போதும். நைலான் கயிறு அசைய அசைய இளகும். லாரிக்காரர்கள் பயன்படுத்தும் இழுத்து இறுக்கும் பெல்ட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. சுமை அதற்குமேல் போனால் அது காரின் வேலை அல்ல. ஒரே ஊரைச் சேர்ந்த நாலைந்து விவசாயிகள் சேர்ந்து சரக்கு வண்டி அனுப்ப, விற்பனைக்கூடங்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் ஏற்பாடு செய்யலாம். அறுவடைக் காலத்தில் இதற்கு மாவட்ட நிர்வாகம் கொஞ்சம் பணம் ஒதுக்கினாலும் தகும்.

காவல் துறையும் அபராதச் சீட்டோடு மட்டும் சாலையில் நிற்கக் கூடாது. முதல் முறை நிறுத்தினால் கட்டச் சொல்லி, கட்டிய பிறகு அனுப்ப வேண்டும். குழந்தைகள் இருக்கும் வண்டியில் சிலிண்டர் இருந்தால் மட்டும் தயவு காட்டாமல் அதை இறக்க வைக்க வேண்டும். சென்னை ஐஐடி உருவாக்கிய விபத்துத் தரவுத் தளம் தமிழ்நாட்டு போலீசாரின் கைபேசியில் இருக்கிறது. விபத்தான காருக்குள் என்ன சரக்கு இருந்தது, கட்டியிருந்ததா, அது யாரையாவது காயப்படுத்தியதா என்பதை ஒவ்வொரு முறையும் அதில் பதிய வேண்டும். பதிந்தால்தான் இந்தச் சாவுகளுக்குக் கணக்கு கிடைக்கும்.

டிஎன் 46, டிஎன் 61 என்ற எண்களை வழங்கும் பெரம்பலூர், அரியலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்கள் இதில் முன்கை எடுக்கலாம். சென்னையின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த இரண்டு மாவட்டங்களிலும் சுமை கட்டுவதில் கைதேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். சிமெண்ட் குடோன்களில் மூட்டையை ஒரு வரிசை நெடுக்கிலும் அடுத்த வரிசை குறுக்கிலும் மாற்றி மாற்றி அடுக்கிச் சரியாமல் நிறுத்தும் சுமைப்பணித் தொழிலாளர்கள் அவர்கள். கிளம்பிப் பத்து கிலோமீட்டர் போனதும் ஓரங்கட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் டீ குடிப்பேன் என்று இருக்கும் லாரி ஓட்டுநர்கள் அவர்கள். அந்த அறிவுக்கு மரியாதை செய்து, மதிப்பூதியம் கொடுத்து, ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளில் ஒரு நாள் வகுப்பெடுக்க அவர்களை அழைக்க வேண்டும். உரிமத் தேர்வின்போது எட்டுப் போடச் சொல்வதோடு, டிக்கியில் ஒரு மூட்டையை வைத்துக் கட்டிக் காட்டவும் சொல்ல வேண்டும். ராமநவமியில் தொடங்கும் கல்லங்குறிச்சிக் கோவில் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார விவசாயிகள் எல்லோரும் வருவார்கள். அதற்கு முன் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இரு மாவட்ட ஆட்சியர்களும் இதை முடிவு செய்து, திருவிழா வாகன நிறுத்துமிடத்திலேயே முதல் செயல்விளக்கத்தை நடத்த வேண்டும்.