தேவையைச் சொல்வதில் என்ன வெட்கம்?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நேரு வீதியிலும் ரங்கப்பிள்ளை வீதியிலும் கடைக் கண்ணாடிகளில் ‘வேலைக்கு ஆட்கள் தேவை’ என்ற தாளை அடிக்கடி காணலாம். உள்ளே போய் விசாரிப்பவரிடம் முதலாளி கேட்பது நான்கைந்து கேள்விகள்தான்: எந்த ஊர், யார் சொல்லி வந்தது, முன்பு எங்கே வேலை பார்த்தது, என்ன தெரியும், எப்போது சேர முடியும். இந்த வேலை ஏன் வேண்டும் என்று அவர் கேட்பதில்லை. பிழைப்புக்குத்தான் என்பது இருவருக்கும் தெரியும். அதே ஊரில் வங்கிக்கோ மென்பொருள் நிறுவனத்துக்கோ விண்ணப்பிக்கும் பட்டதாரிக்கோ அதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. சம்பளத்துக்காக என்று உண்மையைச் சொல்லிவிடக் கூடாது என்று நேர்காணல் பயிற்சி வகுப்புகள் எச்சரிக்கின்றன. தேவையை மறைத்து, இல்லாத காதலை நடிக்க வைக்கும் இந்த வழக்கத்தால் விண்ணப்பிப்பவர் கூனிக் குறுகுகிறார். வேலை கொடுப்பவருக்கும் தகுதியான ஆள் கிடைப்பதில்லை. ஒருவருக்கு வேலை மீது எவ்வளவு ஆசை என்பதைவிட, அந்த வேலையை எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

வேலையோடு தொடர்பில்லாத காரணங்கள் தேர்வைத் தீர்மானிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. மார்க்கெட்டுக்கு அருகிலேயே மாளிகை கொண்டிருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பே அதற்குச் சான்று. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடைத்தரகராகவும் இருந்த கனகராய முதலியார் 1746-ல் இறந்தார். வணிகத்தையும் மொழிகளையும் கரைத்துக் குடித்தவர் பிள்ளை. கவர்னர் துய்ப்ளேக்கு நெருக்கமானவர். ஆனாலும் 1747-ல்தான் பதவி அவருக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் வேட்பாளர் கிறிஸ்தவரா, யாருடைய சிபாரிசு, என்ன காணிக்கை என்பவையே பேச்சாக இருந்தன. அதற்கு முந்தைய தலைமுறையில் அவருடைய உறவினர் நைனியப்பப் பிள்ளை 1716-ல் அதே பதவியை இழந்து, சிறையிலேயே மாண்டார். அவர் மகன் குருவப்பா பிரான்சுக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பிய பிறகே அந்தப் பதவியில் அமர முடிந்தது. வேலைத்திறனை அளக்க வழி வகுக்காத இடத்தில் மதமும் சாதியும் செல்வாக்கும் தாமாகவே அளவுகோலாகிவிடுகின்றன.

இன்றைய தனியார் துறையிலும் இது தொடர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒரே தகுதி கொண்ட விண்ணப்பங்களைப் பெயர் மட்டும் மாற்றி நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும். 2007-ல் வெளியான அந்த ஆய்வின்படி, மேல்சாதிப் பெயர்களோடு ஒப்பிட்டால் அழைப்பு வரும் வாய்ப்பு தலித் பெயர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கும் முஸ்லிம் பெயர்களுக்கு மூன்றில் ஒரு பங்கும்தான். அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வுக்காகச் சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பேட்டி கண்ட மனிதவள அதிகாரிகள், குடும்பப் பின்னணியைக் கேட்பது வழக்கம்தான் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ‘ஏன் இங்கே சேர விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்வியும் இப்படிப் பின்னணியைத் துழாவும் கருவியாக மாறிவிடுகிறது. சரளமான ஆங்கிலத்தில், நிறுவனத்தின் வரலாற்றைப் புகழ்ந்து, கனவு என்ற சொல்லைச் சரியான இடத்தில் வைக்கத் தெரிந்தவர் பெரும்பாலும் அதற்கான வீட்டிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வந்தவர். கடைச் சம்பளத்தில் பிள்ளையைப் படிக்க வைத்த வீட்டிலிருந்து வருபவருக்கு உழைக்கத் தெரியும். அந்தப் பேச்சு மட்டும் வராது.

அப்படியானால் நேர்காணலையே எடுத்துவிடலாமா? மத்திய அரசு 2016 ஜனவரி 1 முதல் ‘சி’ பிரிவுப் பணிகளுக்கும் அரசிதழ் பதிவு பெறாத ‘பி’ பிரிவுப் பணிகளுக்கும் நேர்காணலை நீக்கியது. சிபாரிசுக்கு வழி அடைபட்டது நல்லதுதான். ஆனால் எழுத்துத் தேர்வு மட்டும் என்றால் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர் முந்துவார். வாடிக்கையாளரிடம் பேசும் பணிக்கு விடைத்தாள் மட்டும் போதாது என்பதும் நியாயமான மறுப்பு. ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து பால் சாக்கெட்டும் குழுவினரும் 2022-ல் வெளியிட்ட மறுமதிப்பீடு இதற்கு வழி காட்டுகிறது. ஒருவர் வேலையில் எப்படிச் செயல்படுவார் என்பதை முன்கூட்டிக் கணிப்பதில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவில் மதிப்பெண் தரும் நேர்காணலே முதலிடம் பெற்றது. வேலை குறித்த அறிவுத் தேர்வு அதற்கு நெருங்கி வந்தது.

ஆறு மாதத்தில் ஓடிப்போகிற ஆளை எடுத்துப் பயிற்சி கொடுத்து நஷ்டப்பட முடியாது, அதனால்தான் ஆர்வத்தைக் கேட்கிறோம் என்று முதலாளிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ‘தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணிபுரிவது என் வாழ்நாள் கனவு’ என்ற வரியை வைத்து யார் நிற்பார், யார் போவார் என்று கணிக்க முடியுமா? பத்து நிறுவனங்களுக்கும் அதே வரிதான் போகிறது; இப்போது அதைக் கணினியே எழுதித் தருகிறது. மாறாக, ஜவுளிக் கடைக் கணக்கர் வேலைக்கு ஒருவர் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்: ‘டாலியில் ஜி.எஸ்.டி. கணக்கு ஏற்றத் தெரியும். தீபாவளி முடிந்ததும் இருப்பை எண்ணிப் புத்தகத்தோடு சரிபார்ப்பதுதான் கடினம். அதை இரண்டு ஆண்டு செய்திருக்கிறேன். வீடு முத்தியால்பேட்டையில் இருப்பதால் இரவு கடை சாத்தும் வரை இருக்க முடியும். குடும்பத்துக்கு என் சம்பளம் தேவை. நிலையான வேலையாகத் தேடுகிறேன்.’ இதில் கெஞ்சலும் இல்லை, பொய்யும் இல்லை. வேலையின் சிரமமான இடம் எதுவென்று அவருக்குத் தெரிகிறது. அவர் நிலைத்து நிற்பார் என்று நம்பவும் காரணம் இருக்கிறது, அவர் சொன்ன தேவையே அந்தக் காரணம்.

இப்படி எழுதினால் நிராகரிக்கப்படுவோமே என்ற இளைஞர்களின் அச்சத்தை உதறிவிட முடியாது. அதனால்தான் மாற்றம் வேலை கொடுப்பவரிடமிருந்து தொடங்க வேண்டும். விளம்பரத்திலேயே சம்பளம், வேலை நேரம், செய்ய வேண்டிய பணி மூன்றையும் அச்சிடட்டும். வருகிற எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கட்டும். குடும்பத்தையும் சாதியையும் தொடும் கேள்விகளை விட்டுவிட்டு, ஒரு நாள் வேலை கொடுத்துப் பார்க்கட்டும். அந்த நாளுக்குக் கூலியும் கொடுக்கட்டும். சம்பளத்துக்காக உழைப்பவர்களால்தான் இந்த ஊரின் கடைகளும் அலுவலகங்களும் நடக்கின்றன. அந்த உண்மையைச் சொல்பவரைத் தகுதியற்றவர் என்று ஒதுக்க எந்த நிறுவனத்துக்கும் உரிமை இல்லை.