பாட்டு போகட்டும், காது இருக்கட்டும்

அகமதாபாத், 2025 ஜனவரி. நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் கோல்ட்ப்ளே கச்சேரிக்கு முன்பாக மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவிடமிருந்து ஒரு நோட்டீஸ்: காதடைப்பான் இல்லாமல் குழந்தைகளை உள்ளே விடாதீர்கள். பெரியவர்கள்? அவரவர் காது, அவரவர் பாடு.

85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலை 15 நிமிடம்தான் தாங்கும் என்பது வல்லுநர்கள் கணக்கு. 3 டெசிபல் ஏறினால் அவகாசம் பாதியாகிவிடும். உட்காதின் நுண்ரோம செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. கோல்ட்ப்ளே பாடகர் கிறிஸ் மார்ட்டினுக்கே காதில் ஓயாத ரீங்காரம்.

பஞ்சு உதவாது. மருந்துக் கடை ஃபோம் அடைப்பான் மலிவு. ஒல்லியாக உருட்டி, காது மடலை மேலே இழுத்து, உள்ளே செருகி, விரியும்வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பெரும்பாலோர் வாசலிலேயே செருகிவிட்டு, பயனில்லை என்கிறார்கள். ஒழுங்காகப் போட்டாலும் ஒரு குறை: மேல் ஸ்தாயி ஒலிகளை அது அதிகமாக விழுங்கும். டிரம்ஸ் கேட்கும், பாட்டின் வார்த்தை மங்கும்.

இசைக்கென்றே இருப்பவை ஃபில்டர் வைத்த ரகங்கள். 1980களின் இறுதியில் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் கொண்டுவந்த ஈ.ஆர்-15, எல்லா ஸ்தாயிகளையும் ஏறக்குறைய ஒரே அளவாக, 15 டெசிபல் குறைக்கிறது. 100 டெசிபல் 85 ஆகிறது. கால் மணி நேர அவகாசம் 8 மணி நேரமாகிறது. பாட்டும் பாட்டாகவே இருக்கிறது.

சின்னக் குழந்தைக்கு மட்டும் அடைப்பான் வேண்டாம். ஹெட்போன் போலக் காதை மூடும் இயர்மஃப்தான் சரி.