விழுக்காடு சொல்லாத உண்மை



உலகின் வெப்பம் ஏறுகிறது. பழி யாருடையது என்று நாடுகள் வழக்காடுகின்றன. அவ்வழக்கில் ஒரு பட்டியல் காட்டப்படுகிறது: ஒவ்வொரு நாடும் வெளிவிடும் கரியமில வாயுவில் போக்குவரத்தின் பங்கு எவ்வளவு? அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பிரான்சிலும் அதற்குக் குறைவில்லை. இந்தியாவிலோ நூற்றுக்கு 12 அளவே! இதைக் கண்டு மார்தட்டுவோர் உளர்.

மார்தட்டுமுன் எண்ணிப் பார்க்க வேண்டும். பிரான்சில் மின்சாரத்தின் பெரும்பகுதி அணு உலைகளிலிருந்து கிடைக்கிறது. மின்நிலையப் புகை அங்கே குறைவு. ஆகவே வண்டிப்புகையின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. நம் நாட்டு மின்சாரத்திலோ ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியால் ஆவது. அந்தப் புகைமலையின் அருகே வண்டிப்புகை சிறுத்துத் தோன்றுகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. அதன் பெயர் வறுமை. சவ்வாது மலையடிவாரத்துச் சந்தவாசலில் நின்று பாருங்கள். ஏழை உழவனுக்குப் பேருந்தே வாகனம். அது தவறினால் கால்களே வாகனம். அவன் வெளிவிடாத புகையை நாட்டின் நல்லொழுக்கமாகக் கணக்கெழுதுவது நேர்மையா?

ஓர் இந்தியர் ஆண்டொன்றுக்கு எல்லாத் தேவைக்குமாக வெளிவிடும் கரியமில வாயு 2 டன் அளவு. அமெரிக்கரோ போக்குவரத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 5 டன்! பொறுப்பு பொதுவெனினும் அனைவருக்கும் ஒரே அளவினதன்று என்று 1992ஆம் ஆண்டு உலக நாடுகளின் உடன்படிக்கை வகுத்தது இதனாலன்றோ?

உலக அரங்கில் நீதி கேட்கும் நாம், வீட்டுக் கடமையை மறக்கலாகாது. 1990க்குப் பின் நம் போக்குவரத்துப் புகை மும்மடங்குக்கு மேல் பெருகியது. அதில் பத்தில் ஒன்பது பங்கு சாலையில் எழுவது. 1951இல் நாட்டின் சரக்கில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் சுமந்த இரயில், இன்று மூன்றில் ஒரு பங்கும் சுமப்பதில்லை. மின்சாரக் கார் வந்தால் போதுமென்பார்கள். நிலக்கரி மின்சாரத்தில் அது ஓடும்வரை, புகையின் ஒரு பகுதி சாலைக் கணக்கிலிருந்து மின்நிலையக் கணக்குக்கு இடம்பெயரும், அவ்வளவே.

பேருந்துகளை அரசுடைமையாக்கிய தமிழகம், 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணத்தை நீக்கியது. அவ்வழியே மேலும் நடப்போம். மலைச்சிற்றூர்தோறும் பேருந்து வரட்டும்! சரக்கு இரயிலுக்குத் திரும்பட்டும்! மின்சாரம் நிலக்கரியிலிருந்து விடுபடட்டும்!

ஏழையின் பயணம் பெருகவேண்டும். நாட்டின் புகை குறையவேண்டும். இரண்டையும் ஒருங்கே தரவல்லது பொதுப் போக்குவரத்தே. அதைக் கேட்டுப் பெறுவோம்!