நம் கல்லூரி தாங்கும் பெயர்

(வரலாற்றுத் துறை மாணவன், மூன்றாம் ஆண்டு)

விழுப்புரத்திலிருந்து நாள்தோறும் பேருந்தில் திண்டிவனம் வந்து படிப்பவர்களுள் நானும் ஒருவன். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, விக்கிரவாண்டியில் ஏறிய பெரியவர் ஒருவர் என் அருகில் அமர்ந்தார். என் மடியில் இருந்த புத்தகங்களைப் பார்த்துவிட்டு, "எந்தக் காலேஜு தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, ஏ.ஜி. பேரு வெச்ச காலேஜா? நம்ம ஆளு தம்பி அவரு! மந்திரியா இருந்தவரு."

"எப்போங்க ஐயா?"

பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அங்கதானே படிக்கிறே?" என்றார்.

நான் தலைகுனிந்தேன். அன்று பட்ட நாணத்தின் விளைவே இக்கட்டுரை. திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி என்று விடைத்தாளிலும் விண்ணப்பத்திலும் எத்தனை முறை எழுதியிருப்போம்! அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

அவர் 1918 இல் பிறந்தவர். 1952 இல் விக்கிரவாண்டியிலிருந்தும், 1957 இல் வளவனூரிலிருந்தும், 1967 இல் முகையூரிலிருந்தும் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிந்திய இரண்டு பெயர்களிலும் இன்று தொகுதிகளே இல்லை. 1967 மார்ச் 6 ஆம் நாள் பதவியேற்ற அறிஞர் அண்ணாவின் ஒன்பது பேர் கொண்ட அமைச்சரவையில் வேளாண்மை அமைச்சர் ஆனார். 1969 இல், ஐம்பத்தோராவது வயது நிறைவதற்குள் மறைந்தார். உதயசூரியன் சின்னம் திராவிட முன்னேற்றக் கழகத்துக்கு உரியதாகும் முன்பே அச்சின்னத்தில் நின்று வென்றவர் என்பதும் அவரைப் பற்றிப் பலரும் சொல்லும் செய்தி.

இவ்வளவும் பொது அறிவு நூலுக்குப் போதும். ஆனால் ஒரு மனிதரை அறிய இவை போதா. அவருடைய பொது வாழ்வின் பெருமை, அவர் அமைச்சராக இருந்த இரண்டு ஆண்டுகளைவிட அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளிலேயே இருக்கிறது என்பது என் துணிபு. அதை விளக்க 1952 ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும்.

வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் நடந்த முதல் பொதுத் தேர்தல் அது. அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைத்தவை 152; பெரும்பான்மைக்கு வேண்டியவையோ 188. இந்நிலையில் சிறு கட்சிகளின் ஒவ்வோர் உறுப்பினரும் பொன்னுக்கு நிகரானார். நம் தென்னார்க்காட்டில் வலுவாக இருந்த தமிழ்நாடு உழைப்பாளர் கட்சிக்கு 19 இடங்கள். வடார்க்காடு, செங்கற்பட்டுப் பகுதிகளில் வேரூன்றியிருந்த காமன்வீல் கட்சிக்கு 6 இடங்கள். இரண்டும் வன்னியர் சமுதாயத்தின் ஆதரவில் எழுந்த கட்சிகள். கோவிந்தசாமி அவர்கள் உழைப்பாளர் கட்சியின் சார்பில் விக்கிரவாண்டியில் வென்றவர்.

தி.மு.க. அத்தேர்தலில் போட்டியிடவில்லை. தன் கொள்கைகளுக்காகச் சட்டமன்றத்தில் குரல் கொடுப்பதாக உறுதியளித்த வேட்பாளர்களை ஆதரித்தது. இவ்விரு கட்சிகளும் அந்த ஆதரவைப் பெற்றவை. தேர்தல் முடிந்ததும் காட்சி மாறியது. இராசாசி அமைச்சரவையில் காமன்வீல் கட்சித் தலைவர் மாணிக்கவேலு நாயக்கர் இடம் பெற்றார். 1954 இல் காமராசர் முதலமைச்சரானபோது உழைப்பாளர் கட்சித் தலைவர் எஸ்.எஸ். இராமசாமி படையாட்சியாரும் அமைச்சரானார். உழைப்பாளர் கட்சி கலைந்தது.

தலைவர் ஆளுங்கட்சிப் பக்கம் போனார். கட்சியே இல்லாமற் போயிற்று. ஓர் இளம் உறுப்பினர் என் செய்வார்? பின்தொடர்ந்து போவதே எளிய வழி. கோவிந்தசாமி அவ்வழியே செல்லவில்லை. தாம் எந்த ஆதரவில் வென்றாரோ அந்த இயக்கத்தின் பக்கமே நின்றார். 1957 இல் தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் இறங்கியபோது, வளவனூரில் வென்று, அண்ணாவுடன் சட்டமன்றம் புகுந்த பதினைவருள் ஒருவரானார். அக்கட்சிக்கு அன்று தேர்தல் ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமையால் பதிவேட்டில் அவர் சுயேச்சை. இருநூறுக்கு மேற்பட்டோர் அமர்ந்த அவையில் பதினைந்து பேர் எதனைச் சாதிக்க முடியும்? கேட்கலாம், வாதிடலாம், தோற்கலாம். மறுநாளும் வந்து கேட்கலாம். அவ்வளவே. பத்தாண்டுகள் கழித்து அக்கட்சி ஆட்சிக்கு வரும் என்று அன்று யார் சோதிடம் கூறியிருக்க முடியும்?

இங்கே எதிர்வாதம் ஒன்று எழும். அமைச்சரவைக்குச் சென்ற தலைவர்கள் தவறு செய்தனரா? கல்வியிலும் நிலத்திலும் பின்தங்கிக் கிடந்த ஒரு பெருஞ் சமுதாயத்துக்கு ஆட்சி பீடத்தில் இடம் கிடைத்தது சிறிய செய்தியன்று. வெளியே நின்று முழங்குவதைவிட உள்ளே சென்று நாலு நன்மை செய்வது மேல் என்று அவர்கள் கருதியிருக்கலாம். அவர்களைத் தூற்றுவது என் நோக்கமன்று. ஆயினும் வாக்காளருக்கு ஒன்று சொல்லி வென்றுவிட்டு, வென்றபின் வேறொன்று செய்தால், அடுத்த முறை அம்மக்கள் எவர் சொல்லை நம்புவார்கள்? நன்மை நாலு கிடைக்கலாம். நம்பிக்கை ஒன்று போய்விடுமே!

இன்று கட்சித் தாவலைத் தடுக்கச் சட்டம் உண்டு. 1967 இல் அரியானாவில் ஓர் உறுப்பினர் குறுகிய காலத்துக்குள் மும்முறை கட்சி மாறிய கதையை அரசியல் பாடத்தில் படித்திருக்கிறோம். அத்தகைய கூத்துகளுக்குப் பிறகு, 1985 இல் 52 ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. 1954 இல் அப்படி ஒரு வேலி இல்லை. தாவியவர் பதவி இழக்கவில்லை; பதவி பெறவும் வழி இருந்தது. சட்டம் தடுக்காதபோதும் ஒருவர் நின்ற இடத்திலேயே நின்றார் என்றால், அவரைத் தடுத்தது அவருடைய மனச்சான்றன்றி வேறென்ன?

ஆபிரகாம் லிங்கனை உலகம் அமெரிக்கக் குடியரசுத் தலைவராக அறியும். 1834 முதல் 1842 வரை அவர் இல்லினாய் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்ததை யாரும் பேசுவதில்லை. நாமும் அப்படித்தான். அமைச்சரைப் பெயர்ப்பலகையில் வைக்கிறோம். சட்டமன்ற உறுப்பினரை மறந்துவிடுகிறோம்.

மீண்டும் பேருந்துப் பெரியவரிடம் வருகிறேன். 'நம்ம ஆளு' என்றாரே, அதன் பொருள் என்ன? 2025 சனவரியில் விழுப்புரத்தை அடுத்த வழுதரெட்டியில் கோவிந்தசாமி அவர்களுக்கு நினைவரங்கம் திறக்கப்பட்டது. 1987 இல் இடஒதுக்கீடு கேட்டுப் போராடி உயிர்நீத்த 21 பேருக்கான மணிமண்டபமும் அவ்விடத்திலேயே அமைந்திருக்கிறது. அதைப் பார்க்கச் சென்றபோதும் 'நம்ம ஆளு' என்ற சொல் என் செவியில் விழுந்தது. பிறந்த சமுதாயத்தைக் கொண்டு சொன்னால், அமைச்சரவைக்குச் சென்ற தலைவர்களும் 'நம்ம ஆளு'தான். அப்படியானால் இவருக்கென்று தனிச் சிறப்பு எங்கே? ஒரு சமுதாயத்தின் கட்சியில் தொடங்கி, எல்லாச் சமுதாயத்தாரும் கலந்த ஓர் இயக்கத்துக்கு வந்து, அங்கே நிலைத்து நின்றாரே, அதுவே அவருடைய சிறப்பு. அவர் கடந்து வந்த எல்லைக்குள்ளேயே மீண்டும் அவரை அடைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. பதினெட்டு வயது நிறைந்த நாமெல்லாரும் வாக்காளர்கள். ஓட்டுக் கேட்டு வருபவர்களைப் பற்றி நம் விடுதியிலும் தேநீர்க் கடையிலும் எழும் முதல் வினா, "அவரு யாரு ஆளு?" என்பதே. இரண்டாவது வினா, "செயிப்பாரா?" என்பது. "சொன்னதைச் செய்வாரா? தோற்றாலும் சொன்ன இடத்தில் நிற்பாரா?" என்ற வினாவை நான் கேட்டதே இல்லை. என்னையும் சேர்த்தே இக்குறையைச் சொல்கிறேன்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். சட்டமன்ற நடவடிக்கைகள் சொல்லுக்குச் சொல் அச்சாகியிருக்கின்றன. வரலாறு படிப்போரும் அரசியல் படிப்போரும் 1957 முதலான தொகுதிகளில் வளவனூர் உறுப்பினர் பேசியவற்றைத் தேடிப் படிப்போம். ஆளுக்கு ஒரு பக்கம் படியெடுத்தாலும் அடுத்த ஆண்டு மலருக்கு நல்ல கட்டுரை கிடைக்கும். நம் பேராசிரியர்கள் வழிகாட்டுவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

அந்தப் பெரியவரை மீண்டும் நான் சந்திக்கவில்லை. சந்தித்தால், "ஆமாங்க ஐயா, நம்ம ஆளுதான். நம்ம எல்லாருக்கும் ஆளு" என்பேன். எந்த ஆண்டில் மந்திரியாக இருந்தார் என்பதையும், இம்முறை தடுமாறாமல் சொல்வேன்.