மீண்டும் ஓடுகளத்தில்

பில்லி மொங்கர் ஒரு பிரித்தானியக் காரோட்ட வீரர். 2017 ஏப்ரலில் டொனிங்டன் பார்க் ஓடுகளத்தில் போர்மியுலா 4 பந்தயத்தின்போது, முன்னே நின்றிருந்த காரில் மோதினார். இரு கால்களும் அகற்றப்பட்டன. வயது 17.

ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஓட்ட மாற்றுவலுவுள்ளோருக்குச் சர்வதேச விதி இடங்கொடுக்கவில்லை. அவர் முறையிட்டார். விதி மாறியது. (விதியும் மனிதர் எழுதியதுதானே, சகோதரிகளே!) காலால் அமுக்கும் அக்சிலேட்டரைக் கையால் இயக்கும்படி ஸ்டியறிங்கில் பொருத்தினார்கள். விபத்து நடந்து ஓராண்டு நிறையுமுன், 2018 மார்ச்சில் போர்மியுலா 3 பந்தயத்தில் மூன்றாமிடம் பெற்றார்.

2019இல் பிரான்சின் 'போ' என்னும் நகர வீதிகளில் யூரோபோர்மியுலா பந்தயம். வீதியெல்லாம் ஈரம். ஈரத்துக்கேற்ற டயர் மாற்றப் போய் ஆரம்பத்திலேயே பின்தங்கிவிட்டார். ஆனால் அந்த டயர்தான் கைகொடுத்தது. ஒவ்வொருவராக முந்தினார். முன்னே சென்ற இருவர் தம்முள் மோதிக்கொள்ள, இவர் முதலாவதாக வந்தார். கால்களை இழந்தபின் அவர் பெற்ற முதல் வெற்றி அது.